ஆர்மோனியத்துக்குத் தோத்த வெள்ளைக்காரர்

ஞாயிற்றுக்கிழமை ரண்டாம் பூசை முடிஞ்சு சனம் கலைஞ்சிட்டுது. கோயில் மண்டபத்தில பிள்ளையளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்குடுக்கிற கரும்பலகை ஒண்டு. அதில கிடந்த பத்துக் கட்டளையை அழிச்சுப்போட்டு அருளப்பண்ணை வெண்கட்டியால எழுதுறார்: 'உலகத்தின்ர தலைசிறந்த றொக் கிட்டார்காரர் பத்துப்பேர்.'

அருளப்பண்ணை எண்டது எங்கட கோயில் இளைஞர் மன்றத்துத் தலைவர். கிழமை நாளில மீன்வாடியில ஐஸ் உடைப்பார். ஞாயிற்றுக்கிழமையில கிட்டார். தலைமயிரைக் காது மூட வளர்த்து, அதுக்கு எண்ணெயும் பூசியிருப்பார். எண்ணெய் பூசின ஹிப்பியை உலகத்திலயே நான் அவரைத்தான் கண்டனான்.

ஒண்டு, ரண்டு, மூண்டு எண்டு வெள்ளைக்காரற்ற பேர். ஒரு இங்கிலிஸ் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டி எழுதினார். நாலாவதா என்ன எழுதினார் தெரியுமோ? தன்ர பேர்.

"என்ன அண்ணை, நாலாமிடத்தில நீங்களோ?" எண்டு என்ர தம்பி ஞானம் கேட்டான்.

"பின்ன? ஒண்டெண்டு போட்டால் பெருமை பிடிச்சவன் எண்டு சொல்லுவியள். அதுதான் அடக்கமா நாலு."

அடக்கமாம்!

அஞ்சில இருந்து பத்து மட்டும் எங்கட ஊர்ப் பொடியள். தம்பி ஆறு. கிட்டார் வாங்கப்போறன், வாங்கப்போறன் எண்டு ரண்டு வரியமாச் சொல்லிக்கொண்டு திரிஞ்ச ஒருத்தன் ஒன்பது.

நான் கடைசி வாங்கில இருந்தன். தம்பிக்கு முதல் முதல் கிட்டார் பிடிக்கக் காட்டிக் குடுத்தவள் நான். என்ர பேர் பத்திலயும் இல்லை, பலகையின்ர ஓரத்திலயும் இல்லை.

பட்டியல்தானே, போனால் போகுது எண்டு விட்டிருப்பன். ஆனால் அருளப்பண்ணை அடியில ஒரு கோடு இழுத்து இன்னொண்டும் எழுதினார். பட்டியலில பேர் இருக்கிற ஆக்கள்தான் பெருநாள் மேடையில வாசிக்கலாம். அதுதான் எனக்கு நெஞ்சில இடிச்சது. பெருநாள் முடிஞ்சு அடுத்த மாதம் எனக்கு விடத்தல்தீவில கலியாணம். கிட்டார் ஒண்டும் கொண்டு வரட்டோ எண்டு கேக்கப்போன ஆளிட்ட, வரப்போற மாமி சொல்லி அனுப்பினவ: "அது என்னத்துக்கு? வரேக்க நல்ல அம்மி ஒண்டு கொண்டு வரட்டும்."

அப்ப எனக்கு அந்தப் பெருநாள் மேடைதான் முதலும் கடைசியும்.

மஞ்சள்

கிட்டார் எங்க இருந்து வந்தது எண்டு கேப்பியள். எங்கட ஊர் தலைமன்னார் பியருக்குக் கிட்ட, கப்பல் வந்து கட்டுற இடம். அந்த நாளையில இந்தியாவுக்குக் கப்பல் ஓடினது. கொழும்பு ரெயிலால வந்து இறங்கின வெள்ளைக்காரப் பொடியளும் பெட்டையளும் கப்பலுக்காகக் காத்துக்கொண்டு மணலில கிடப்பினம். ஹிப்பி எண்டு ஊரில சொல்லுவினம். எங்கட அம்மா 'குளிக்காத சனம்' எண்டு சொல்லுவா.

ஒருக்கால் கடல் கொந்தளிச்சு அஞ்சு நாள் கப்பல் இல்லை. ஒரு பெட்டைக்குச் சரியான காய்ச்சல். குளிக்காத சனம் எண்டு திட்டின எங்கட அம்மாதான் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து வீட்டில படுக்க வைச்சா. கஞ்சி குடுத்தா. மல்லித்தண்ணி குடுத்தா. கடைசியில தலையில எண்ணெயை வைச்சுக் கிணத்தடியில குளிப்பாட்டியும் விட்டா. தன்ர கொள்கையை அம்மா விடேல்லை.

அவள்ர பேர் என்ர வாயில வராது. நான் 'மஞ்சள்' எண்டு கூப்பிட்டன். தலைமயிர் அந்த நிறம். அவளும் திரும்பிப் பார்த்தாள். பேருக்கு அது காணும்தானே.

மஞ்சளிட்ட ஒரு கிட்டார் இருந்தது. எனக்கு இங்கிலிஸ் தெரியாது, நான் படிச்சது அஞ்சாம் வகுப்பு. அவளுக்குத் தமிழில 'கஞ்சி' மட்டும்தான் தெரியும். அவள் என்ர விரலைப் பிடிச்சுக் காட்டித் தரேல்லை. காதைப் பிடிச்சாள். காதைப் பிடிச்சுக் கிட்டாரில வைச்சு, ஒரு கம்பியைத் தட்டி, கம்பி முறுக்கிற ஆணியைத் திருப்பித் திருப்பி, ரண்டு கம்பியும் ஒண்டோட ஒண்டு ஒட்டுற இடம் வரேக்க என்ர காதை விட்டாள். பேந்து திருப்பியும் கலைச்சுப்போட்டு என்னட்டத் தந்தாள். நாள் முழுக்க அதுதான் வேலை. மூண்டாம் நாள் நானே ஒட்டினன். அவள் காய்ச்சலோட எழும்பி நிண்டு கைதட்டினாள்.

போகேக்க கிட்டாரை என்ர மடியில வைச்சிட்டுப் போனாள். மூண்டு றெக்கோட்டும் ஒரு படப் புத்தகமும் சேர்த்துத் தந்தாள். அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் அருளப்பண்ணை பட்டியல் எழுதினவர். என்ர புத்தகம். அதையும் குறிச்சு வைச்சுக்கொள்ளுங்கோ.

கம்பி அறுந்தால் வாங்கக் கடை எங்க இருக்கு? மெல்லிய கம்பிக்கு அப்பா தூண்டிலுக்கு வைச்சிருந்த தங்கூசி நைலோன் நூல் போட்டன். தடிச்ச கம்பிக்குச் சைக்கிள் பிறேக் வயரைப் பிரிச்சு ஒரு இழை. விரல் வெட்டுமே எண்டு கேட்டினம். எங்கட விரலோ? வலையில மீன் கழட்டிக் கழட்டித் தோல் தடிச்ச விரல். வயருக்குத்தான் நோ வந்திருக்கும்.

ஆறு மாதத்தில தம்பி அதைத் தன்ர கிட்டார் ஆக்கிப்போட்டான். "ஆம்பிளைப்பிள்ளை வெளியில கொண்டுபோய் வாசிக்கட்டும், நீ வீட்டுக்க வாசி" எண்டு அம்மா தீர்ப்புச் சொன்னா. வீட்டுக்க வாசிச்சால் ஆர் கேக்கிறது? நாய்தான். அது கேட்டது, வாலையும் ஆட்டினது. பட்டியல் எழுதத்தான் அதுக்குத் தெரியாது, பாவம்.

பெட்டியும் துருவும்

இனி ஆர்மோனியத்தைப் பற்றிச் சொல்ல வேணும். அது இல்லாமல் இந்தக் கதை இல்லை.

கோயிலில ஒரு ஆர்மோனியம். எனக்கு நினைவு தெரிய முந்தி ஒரு ஆயர் ஆண்டகை வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சுக் குடுத்தது. பிறந்த பிள்ளையை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போறமாதிரி ஊருக்கு வாற எந்தக் கிட்டாரும் முதல் அதிட்டத்தான் போகும். ஆர்மோனியத்துக்குச் சுதி சேர்த்தால்தான் அது கிட்டார். இல்லாட்டில் அது வெறும் பலகை.

எங்கட கடல் உப்புக்காத்து உங்களுக்குத் தெரியும். சாவியைப் பூட்டில விட்டால் மூண்டாம் நாள் திருப்பேலாது. அந்தக் காத்துக் குடிச்சுக் குடிச்சு ஆர்மோனியத்துக்குள்ள இருந்த பித்தளை நாக்கெல்லாம் பச்சை பிடிச்சுக் கனத்துப் போச்சு. கனத்ததால சுதியும் அரைச் சுரம் கீழ இறங்கிப் போச்சு. ஆர்மோனியம் இறங்க, கிட்டாரெல்லாம் இறங்கினது. கிட்டார் இறங்க, பாட்டுக்காரரும் இறங்கிச்சினம். முழு ஊரும் ஒண்டா இறங்கினபடியால் ஒருத்தருக்கும் தெரியேல்லை.

பட்டியல் எழுதின அண்டைக்கு மண்டபத்தில இடத்துக்கு ஒரே சண்டை. தம்பிதான் சொன்னான்: "வாயால சண்டை பிடிச்சு என்ன? றெக்கோட்டைப் போடுவம். கூட வாசிக்கட்டும், ஆர் பெரிய ஆள் எண்டு தெரியும்."

பங்குச் சுவாமியற்ற றெக்கோட் பெட்டி வந்தது, மஞ்சள் தந்த மூண்டு றெக்கோட்டும் வந்தது. முதலாம் இடத்து வெள்ளைக்காரன் சுத்தத் தொடங்கினான். அருளப்பண்ணை கண்ணை மூடிக்கொண்டு கூட வாசிச்சார்.

அம்மாடி! ரண்டு பூனையின்ர வாலை ஒண்டாக் கட்டிவிட்ட மாதிரிக் கேட்டது.

அவர் நிப்பாட்டினார். றெக்கோட்டைப் பார்த்தார். கிட்டாரைப் பார்த்தார். பேந்து ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வரச்சொல்லி ஒரு கட்டையை அமத்தி, தன்ர கம்பியைத் தட்டினார். ரண்டும் ஒண்டு.

"நான் சரி," எண்டார். "அப்ப ஆர் பிழை?"

மண்டபம் முழுக்க யோசிச்சுது.

"வெள்ளைக்காரன்தான் பிழை," எண்டான் ஒன்பதாமிடத்துக்காரன். கிட்டார் இல்லாட்டிலும் கருத்து இருந்தது.

அருளப்பண்ணை சீலைத்துண்டை எடுத்து ஒரே இழுப்பில முதலாம் இடத்தை அழிச்சார். "பேர் மட்டும் பெரிசு. சுதி சேராது."

ரண்டாம் றெக்கோட். பூனை. அழிச்சார். மூண்டாம் றெக்கோட். பூனை. அழிச்சார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி உலகத்தின்ர தலைசிறந்த றொக் கிட்டார்காரன் எங்கட மீன்வாடியில ஐஸ் உடைக்கிற அருளப்பண்ணைதான்.

எனக்கு இருக்கேலாமல் போச்சு. எழும்பினன்.

"அருளப்பண்ணை, வெள்ளைக்காரர் மூண்டு பேரும் சரி. ஆர்மோனியம்தான் இறங்கிக் கிடக்குது."

நான் ஏதோ தேவதூசணம் சொன்னமாதிரி ஒருத்தன் சிலுவை அடையாளம் போட்டான்.

"பிள்ளை, அது ஆண்டகை மந்திரிச்ச சாமான். தெரியுமோ?"

"ஆண்டகை மந்திரிச்சது பெட்டியை. உள்ளுக்க இருக்கிற துருவையும் சேர்த்தோ மந்திரிச்சவர்?"

தம்பியின்ர கையில இருந்த என்ர கிட்டாரைப் பறிச்சன். றெக்கோட்டுக்குக் காதைக் குடுத்து ஆணி எல்லாத்தையும் முறுக்கி ஏத்தினன். கூட வாசிச்சன். ஒட்டினது. அவன் போன இடமெல்லாம் நானும் போனன். முழுக்க இல்லை, அவன்ர விரல் பறக்கும். ஆனால் அவன் நிண்ட இடத்தில நானும் நிண்டன்.

எல்லாரும் கேட்டவை. காது எல்லாருக்கும் இருந்தது. வாய் திறந்தது அருளப்பண்ணைதான்.

"பார்த்தியளோ! பிழையான ஆளோட சேருது. அப்ப இவளும் பிழை."

இதுக்கு என்ன மறுமொழி சொல்லுறது, சொல்லுங்கோ பார்ப்பம்! அந்த நேரம் பார்த்துச் சுவாமி தன்ர பெட்டியைத் தேடி வந்தார். கதை முழுக்க நிண்டு கேட்டார். கடைசியா, "திரேசம்மா, கோயில் சுதிதான் சுதி. மந்திரிச்ச பொருளைப் பற்றி வாய் காட்டக்கூடாது" எண்டார்.

வழக்கு முடிஞ்சுது. உலகத்தின்ர பெரிய கிட்டார்காரர் மூண்டு பேரையும் என்னையும் ஒண்டா வெளியில தள்ளிப்போட்டினம். கூட்டாளியள் நல்ல கூட்டாளியள்தான். ஆனால் அவைக்கு என்ன நட்டம்? மேடை போனது எனக்கல்லோ!

இப்ப என்ர பேரப்பிள்ளையளும் இதே சண்டைதான். ரெலிபோனில நூறு பேரின்ர பட்டியலை வைச்சுக்கொண்டு, இவன் பெரியவன், அவன் பெரியவன் எண்டு சோத்துக் கோப்பைக்கு முன்னால கத்துவினம். ஒருநாள் கேட்டன்: "அதில பொம்பிளையள் எத்தினை பேர்?" தடவினம், தடவினம், பெருவிரல் தேயத் தடவினம். "இருக்கினம் அம்மம்மா, கொஞ்சம் கீழ." கீழயாம்! எல்லா ஊரிலயும் ஒரு அருளப்பண்ணை இருக்கிறார் போல.

பித்தளை, றப்பர் இல்லை

பெருநாள் வந்தது. பின்னேரம் பாட்டு. மேடைக்குத் தோணிப் பலகை அடிச்சிருந்தினம். நீர்கொழும்பில இருந்து ஒரு பைலாப் பாட்டுக் கோஷ்டி வந்திருந்தது, அவையோட ஒரு ட்ரம்பெற்காரர். தொப்பை முன்னால, ட்ரம்பெற் அதுக்கும் முன்னால. எங்கட பொடியளும் அவையும் சேர்ந்து வாசிக்கிற ஏற்பாடு.

ஒருக்கால் வாசிச்சுப் பார்த்தினம். அதே பூனை.

"ஐயா, உங்கட குழலைக் கொஞ்சம் கீழ இறக்குங்கோ," எண்டு அருளப்பண்ணை மரியாதையாக் கேட்டார்.

அந்த மனிசன் 'தம்பி' எண்டதைச் சிங்களத்தில சொல்லிச் சிரிச்சார். "மல்லி, இது பித்தளை. றப்பர் இல்லை."

நான் கோயில் வளவில பெருநாள் சமையலுக்குத் தேங்காய் திருவிக்கொண்டு இருந்தன். தம்பி மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"அக்கா, ஒருக்கால் வா. எல்லாத்தையும் அந்த ட்ரம்பெற்றுக்குச் சேர்த்துத் தா."

"ஏன், கோயில் சுதிக்கு என்ன வந்தது?"

"குத்திக் கதையாதை அக்கா. சனம் வந்து இருந்திட்டுது."

"மேடையில நானும் வாசிக்கிறதெண்டால் வாறன்."

ஓடினான். திருப்பி வந்தான். முகத்தைப் பார்க்கவே விளங்கினது.

"அருளப்பண்ணை சொல்லுறார், சுதி சேர்க்கிறது மட்டும்தானாம். பேந்து நீ வந்து தேங்காய் திருவலாமாம்."

திருவலாமாம்! உத்தரவு தாறார் பெரியவர்!

போனன். மேடைக்குப் பின்னால மூண்டு கிட்டார் வரிசையாக் கிடந்தது. ட்ரம்பெற்காரர் ஒரு சுதியை ஊதிப் பிடிச்சார். தம்பி வாசிக்கிற என்ர கிட்டாரைச் சேர்த்தன். மற்றப் பொடியன்ர கிட்டாரைச் சேர்த்தன். அருளப்பண்ணையின்ர கிட்டார் கடைசி.

உண்மையச் சொல்லுறன், சேர்க்கத்தான் எடுத்தனான். கை ஆணியில போய் நிண்டிட்டுது. ஆறு முறுக்கு முறுக்கினால் சரி. அப்பதான் அந்தத் 'திருவலாமாம்' திருப்பியும் காதுக்க வந்தது.

கையை எடுத்தன். கிட்டாரைக் காதடியில பிடிச்சு, கண்ணை மூடி, ரண்டு தரம் தலையை ஆட்டி, ஒரு ஆணியையும் திருப்பாமல் அப்பிடியே நீட்டினன்.

"உங்கட கிட்டார் அருமையாச் சேர்ந்திருக்குது, அண்ணை."

அவர் ஒரு கம்பியையும் தட்டிப் பார்க்கேல்லை. முன்னுக்குப் போய் நிண்டு, தலைமயிரை ஒரு ஆட்டு ஆட்டிப்போட்டு, இழுத்தார் ஒரு இழுப்பு.

மற்ற ரண்டு கிட்டாரும் ட்ரம்பெற்றும் ஒரு பக்கம். அவர் தனிய ஒரு பக்கம். உயிலங்குளத்தில இருந்து வண்டில் கட்டிக்கொண்டு பெருநாள் பார்க்க வந்த வயல் செய்யிற கமக்காரர் ஒருத்தர் எழும்பி நிண்டு கேட்டார்: "ஆரப்பா அது, மாட்டைக் கட்டி வைச்சு அடிக்கிறது?"

பாட்டு நிண்டிட்டுது. அருளப்பண்ணை மேடைக்குப் பின்னால பாய்ஞ்சு வந்தார். பின்னால சுவாமி.

"சுவாமி, இவள் வேணுமெண்டு என்ர கிட்டாரைச் சேர்க்காமல் தந்திட்டாள்!"

நான் தலையைக் குனிஞ்சன். எனக்கு வருமளவுக்குப் பணிவா நிண்டன்.

"சுவாமி, அவற்ற கிட்டார் கோயில் ஆர்மோனியத்துக்கு ஒரு மயிரளவும் பிசகாமல் சேர்ந்திருக்குது. கோயில் சுதிதான் சுதி எண்டு நீங்கள்தான் சொன்னியள். அதில கை வைக்க நான் ஆர்?"

சுவாமி மேடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். வெளியில சனம் விசில் அடிச்சுது. ட்ரம்பெற்காரர் தன்ர குழலைத் துடைச்சுக்கொண்டு சொன்னார்: "ஃபாதர், அது சரிவரும் மட்டும் இந்த நங்கி, தங்கச்சி, வாசிக்கட்டுமே. இவங்க காது நல்ல காது."

சுவாமி என்னைப் பார்க்காமல் ஒரு விரலைத் தூக்கினார்.

"ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு."

அந்த ஒரு பாட்டு

தோணிப் பலகை வெயிலில காய்ஞ்சு உள்ளங்காலைச் சுட்டது. தம்பியிட்ட இருந்து என்ர கிட்டாரை வாங்கினன். விரலெல்லாம் தேங்காய்ப்பால். கம்பி வழுக்கும் எண்டு பாவாடையில துடைச்சன். முன்வரிசையில அம்மா சீலைத் தலைப்பால முகத்தை மூடிக்கொண்டு இருந்தா. மூடின சீலைக்குள்ளால ஒரு கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தது.

ட்ரம்பெற் எழும்பினது. நான் அதுக்குக் கீழ போய் நிண்டன். பிறேக் வயர் உறுமினது. தங்கூசி பாடினது. நடுவில ட்ரம்பெற்காரர் வாயை எடுத்திட்டு, 'போ' எண்டு கண்ணைக் காட்டினார். நான் தனியப் போனன். எவ்வளவு நேரம் போனன் எண்டு தெரியாது. கடல் பக்கத்தால காத்து வந்து கிட்டார்ப் பெட்டியில மோதி ஊளையிட்டது, அதோடயும் சேர்த்து வாசிச்சன். ஆரும் இதுக்குச் சுதி பார்க்கேல்லை. பிள்ளையளும் கிழடுகளும் எழும்பி ஆடிச்சினம். அந்த உயிலங்குளத்துக் கமக்காரர் சால்வையைச் சுழட்டிச் சுழட்டி ஆடினார்.

முடிஞ்ச உடன, "இன்னொண்டு! இன்னொண்டு!" எண்டு சனம் கத்தினது. நான் சுவாமியைப் பார்த்தன். விரல் இன்னும் ஒண்டாத்தான் நிண்டது.

அதுக்கிடையில நீர்கொழும்புக்காரர் ஒருத்தர் அருளப்பண்ணையின்ர கிட்டாரைச் சேர்த்துக் குடுத்திட்டார். அவர் ஏற நான் இறங்கினன். அதுக்குப் பிறகு பொழுதுபடும் மட்டும் அவர்தான் வாசிச்சார். நான் மிச்சத் தேங்காயைத் திருவினன்.

அடுத்த மாதம் விடத்தல்தீவுக்குப் போனன். அம்மியோட.

பதின்மர்

எல்லாம் மறந்துதான் இருந்தன். போன மாதம் ஊர்க்கோயில் பெருவிழா மலர் எண்டு ஒரு புத்தகம் அடிச்சு அனுப்பியிருந்தினம். பேத்தி வாசிச்சாள். அருளப்பண்ணை எழுதின கட்டுரை: 'எமது பங்கின் ஈடிணையற்ற கிட்டார் கலைஞர்கள் பதின்மர்.' பதின்மராம்! முதலாம் இடத்தில தான். அடக்கமும் இத்தினை வரியத்தில தேஞ்சு போச்சு. என்னை விட்டிட்டார். பெருநாள் மேடையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, ட்ரம்பெற்காரற்ற தொப்பையைக்கூட எழுதிப்போட்டு, என்னை விட்டிட்டார்!

ஓட்டோ பிடிச்சுப் போனன். விறாந்தையில கதிரையில இருந்தார். தலையில மயிர் இல்லை, எண்ணெய் மட்டும் இருந்தது.

"ஆரது? திரேசம்மாவோ? இரு பிள்ளை, தேத்தண்ணி குடி."

"தேத்தண்ணி பேந்து. இதில என்ர பேர் எங்க?"

புத்தகத்தை வாங்கினார். தெரியாத மாதிரிப் புரட்டினார்.

"திரேசம்மா, ஞாயமாக் கதைக்க வேணும். நான் ஆயிரம் பாட்டு வாசிச்சிருப்பன். நீ வாசிச்சது ஒரு பாட்டு. ஒரு பாட்டுக்காரியை எப்பிடிப் பட்டியலில போடுறது?"

"அந்த ஒரு பாட்டில பிழை கண்டியளோ?"

கண்ணாடியைக் கழட்டிச் சாரத்தில துடைச்சார். திருப்பிப் போட்டார். திருப்பியும் கழட்டினார்.

"சொல்லுங்கோ அருளப்பண்ணை. ஆயிரம் வாசிச்ச காதுதானே. பிழை இருந்ததோ, இல்லையோ?"

"இல்லை," எண்டார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் சொன்னார். "சேர்ந்திருந்தது. நல்லாச் சேர்ந்திருந்தது."

"அப்ப எழுதுங்கோ."

சேட்டுப் பையில இருந்து பேனையை எடுத்தார். என்ர புத்தகத்தில, தன்ர பேருக்கு மேல கிடந்த சின்ன வெளியில, 'திரேசம்மா' எண்டு எழுதினார். கொஞ்சம் யோசிச்சார். பக்கத்தில அடைப்புக்குறி போட்டு 'ஒரு பாட்டு' எண்டு எழுதினார்.

"உண்மைதானே பிள்ளை?"

"ஓம், உண்மைதான்," எண்டன். "அதுக்குப் பக்கத்தில, ஏன் ஒரு பாட்டு எண்டதையும் எழுதுங்கோ."

அருளப்பண்ணை பேனையை மூடி, திருப்பியும் பைக்குள்ள வைச்சிட்டார்.